ஒரு சொட்டும் உள்ளே வராத கார்

உப்பளத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகள் கங்காணியாக இருந்து ஓய்வு பெறுகிறவனுக்கு ஒரு சால்வையும் ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்து அனுப்புவதே உலக வழக்கம். எனக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் காரைக் கொடுத்தார்கள்.

இதில் மிகை எதுவும் இல்லை. வாலிநோக்கத்தில் நான் வேலை பார்த்த உப்பளத்து முதலாளியின் மகன் சென்னையில் படித்த காலத்தில் பழையதாக வாங்கிய கார் அது. இரண்டே கதவுகள், இரண்டே இருக்கைகள், என் இடுப்புக்கு மேல் வளராத உயரம், குங்குமச் சிவப்பு. அதை ஓட்டுகிறவர் உட்காருவதில்லை, ஏறத்தாழப் படுத்துக்கொள்கிறார். மகன் வெளிநாடு போனதும் அதை உப்புக் கிடங்கின் ஒரு மூலையில் நிறுத்தினார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் அது அங்கேயே நின்றது. இரும்பாலும் ரப்பராலும் ஆன ஒரு பொருளைப் பாதுகாத்து வைக்க உப்புக் கிடங்கைவிடப் பொருத்தமற்ற இடம் இந்த மாவட்டத்தில் வேறு இல்லை. குத்தகை முடிந்து கிடங்கைக் காலி செய்ய வேண்டி வந்த அதே வாரத்தில் நானும் ஓய்வு பெற்றேன். முதலாளியின் பெருந்தன்மையில் எனக்கு என்றும் ஐயம் இருந்ததில்லை. காரை அப்புறப்படுத்த அவர் வேறு ஆள் தேடிக்கொண்டிருந்தார் என்பதையும் நான் மறந்துவிடவில்லை.

சாயல்குடி மெக்கானிக் ஒருவர் ஒரு மாதத்தில் எஞ்சினுக்கு உயிர் கொடுத்துவிட்டார்.

"எஞ்சின் தங்கம்ங்கய்யா. மத்ததப் பத்தி மட்டும் என்கிட்டக் கேக்காதீக" என்றார்.

மற்றது என்று அவர் குறிப்பிட்டது ரப்பரை. காரின் கதவுக்கும் உடலுக்கும் நடுவிலும், கண்ணாடிக்கும் தகட்டுக்கும் நடுவிலும் ஒரு ரப்பர் விளிம்பு சுற்றி ஓடுகிறது. பட்டறைக்காரர்கள் அதைப் பீடிங் என்பார்கள். மழையையும் காற்றையும் வெளியே நிறுத்துவது அதன் கடமை. எங்கள் காரின் பீடிங் உப்புக் காற்றில் கருவாடாகக் காய்ந்து, பிடி விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. வேகம் ஐம்பதைத் தாண்டினால் முன்கண்ணாடியின் ஓரத்தில் புகுந்த காற்று விசில் அடித்தது. நான் வருகிறேன் என்பது நான் வருவதற்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிடும். மேய்கிற ஆடுகள்கூடத் தலை தூக்கிப் பார்க்கும். அதை மரியாதை என்று எடுத்துக்கொள்ள நான் முயன்றதுண்டு.

எங்கள் பக்கத்தில் மழை பெய்யும் நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த விரல்களுள் ஒன்றில்தான் என் மனைவி முதன்முதலாக அந்தக் காரில் ஏறினாள். சாயல்குடியில் ஒரு கல்யாணம். அவள் உடுத்தியிருந்தது அரக்கு நிறப் பட்டு. பாதி வழியில் மழை பிடித்தது. கதவின் மேல் மூலையில் இருந்து முதலில் ஒரு சொட்டு அவளுடைய இடது தோளில் விழுந்தது. பிறகு அது சொட்டாக இருப்பதை விட்டுவிட்டு நூலாக இறங்கியது. நான் அமர்ந்திருந்த பக்கத்தில் ஒரு சொட்டும் விழவில்லை. இதை நான் திட்டமிட்டே செய்தேன் என்று அவள் இன்றும் நம்புகிறாள்.

மண்டப வாசலில் என் தங்கை அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னண்ணி, பாதி மட்டும் குளிச்சிட்டு வந்திருக்கீக?"

"ஒங்க அண்ணன் பாதிக் காருதான வச்சிருக்காக" என்றாள் என் மனைவி.

அன்றிலிருந்து அவள் எங்கே போவதானாலும் பேருந்தில் போனாள். அவளைத் தனியே அனுப்ப எனக்கு மனம் இல்லை. காரை வீட்டில் விட்டுப் போகவும் மனம் இல்லை. ஆகவே அவள் பேருந்தில் முன்னே செல்ல, நான் காரில் பின்னே சென்றேன். நிறுத்தம்தோறும் நானும் நின்றேன். ஒரு நாள் நடத்துனர் பின்கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு அவளிடம் கேட்டாராம்.

"யாருக்கா அது, விசிலடிச்சுக்கிட்டே பின்னாடி வாரது?"

"என் வீட்டுக்காரகதான்."

"அப்பறம் ஏங்க்கா நீங்க டிக்கெட் எடுக்குறீக?"

"அதுல போனா நனைஞ்சு போவேன். இதுல போனா டிக்கெட்டோட போச்சு."

இந்த ஏற்பாடு ஓராண்டு நடந்தது. பிறகு ஒரு புரட்டாசி மாலையில் அவளே பேச்சை எடுத்தாள்.

"மாமாவுக்கு ராமேஸ்வரத்துல திதி குடுக்கணும்னு நாலு வருசமாச் சொல்லிக்கிட்டு இருக்கீக. கார்த்திகை அமாவாசைக்குப் போவோம். ஒங்க கார்லயே வாரேன்."

மாமா என்று அவள் சொன்னது என் அய்யாவை, காலஞ்சென்ற என் தகப்பனாரை. நல்ல எண்ணம்தான். எனக்கு விளங்காதது மாதம்.

"எல்லாரும் ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும்தான போறாக?" என்றேன்.

"அதுக்குத்தான் சொல்றேன். கார்த்திகையில கூட்டம் இருக்காது."

கார்த்திகையில் வேறு என்ன இருக்கும் என்பதை அவள் சொல்லவில்லை. எங்கள் வானத்துக்கு மழை பெய்யத் தெரிந்த மாதங்களில் அது ஒன்று. சொல்ல வேண்டியதை அடுத்துச் சொன்னாள்.

"போகையிலயோ வரையிலயோ வண்டிக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி என் மேல பட்டுச்சு, மறுநா விடிய அது காயலாங்கடைக்குப் போயிரணும். சம்மதமா?"

"படலைன்னா?"

"படலைன்னா இனிமே பஸ்ஸுல ஏறல."

சம்மதம் என்றேன். சொன்ன சொல்லில் நிற்பவன் என்று உப்பளத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் இவ்வளவு அபாயமான பொருள் என்பது அன்றுதான் தெரிந்தது.

ராமநாதபுரத்தில் உதிரிப் பாகம் விற்கும் கடையில் காரின் பெயரைச் சொன்னதும் கடைக்காரர் எழுந்து நின்றார். மரியாதைக்காக அல்ல; மேலே பரணில் எட்டிப் பார்ப்பதற்காக. இந்த மாதிரிக் காருக்குப் பீடிங் வருவது நின்று பல காலம் ஆயிற்று என்றும், வேன்களுக்குப் போடுவதை மீட்டர் கணக்கில் வெட்டித் தரலாம் என்றும் சொன்னார். கதவுகளுக்கு அதை வாங்கினேன். முன்கண்ணாடிக்கு மட்டும் பழைய ரப்பரையே பதப்படுத்துவது என்று தீர்மானித்தேன்.

பதப்படுத்துவது எப்படி என்று நான் யாரையும் கேட்கவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன், பிறகு கற்றதையெல்லாம் தானே கற்றவன், கேட்பதற்குக் கூச்சப்படுவான். உப்பளத்துப் பம்புகளில் எது இறுகினாலும் கிரீஸ் தடவுவேன், இளகிவிடும். அதே சாத்திரப்படி ரப்பருக்கும் மூன்று நாள் கிரீஸ் பூசி வைத்தேன். நான்காம் நாள் அது இளகியது மட்டுமல்ல, உப்பி, நெளிந்து, தன் அளவுக்கு ஒன்றரை மடங்காகப் படுத்திருந்தது.

என் மனைவி குனிந்து பார்த்தாள். "தயிர் வடைக்கு ஊறப் போட்டிருக்கீகளா?"

சோப்புத் தூளால் கழுவி, வெயில் படாமல் இரண்டு வாரம் கிடத்தி, ஒருவாறு அதை அதன் பழைய உடம்புக்குத் திருப்பினேன். இதன் பிறகே எனக்குக் கேட்கும் பணிவு வந்தது. பஞ்சர் கடைக்காரர் ஒருவரிடம் சொலூஷன் டப்பாவை வாங்கிக்கொண்டு ஒட்டும் முறையைக் கேட்டேன்.

"பூசுன ஒடனே ஒட்டிறாதீகய்யா. தகட்டுலயும் பூசணும், ரப்பருலயும் பூசணும். ரெண்டையும் தனித்தனியாக் காய விடணும். வெரல வச்சா ஒட்டுன மாதிரியும் இருக்கணும், ஒட்டாத மாதிரியும் இருக்கணும். அப்ப அமுக்கணும்."

"அதுக்கு முன்னாடியே அமுக்கினா?"

"சம்பந்தம் பேசுன அன்னைக்கே சம்பந்தி வீட்டுல போயித் தங்குன கதைதான். ரெண்டு நாள்ல பிச்சுக்கிரும்."

வீட்டுக்கு முன்னால் உடைமர நிழலில் காரை நிறுத்தி, பழைய பீடிங்கை உரித்தேன். அடியில் தகடு முழுவதும் துரு. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, சிவப்பு ஆக்சைடு அடித்துக் காயவிட்டேன். பிறகு முழ முழமாகச் சொலூஷன் பூசி, சம்பந்திகளைப் போலத் தள்ளி வைத்து, பக்குவம் பார்த்து அமுக்கினேன். மூலைகளில் ரப்பர் முறைத்துக்கொண்டு நின்றது. வெட்டாமல் வளைக்க வேண்டும் என்பதை இரண்டு மூலைகளை வெட்டிக் கெடுத்த பிறகு அறிந்துகொண்டேன். இரண்டு கதவுகளுக்கும் ஒன்பது நாட்கள் ஆயின.

முன்கண்ணாடிக்கு இரண்டாவது ஆள் வேண்டும். வாலிநோக்கத்தில் ஃபைபர் படகு வைத்திருக்கும் ஒரு நண்பர் இருக்கிறார். அவர் தொழுகைக்குப் போகிறவர், நான் கோவிலுக்குப் போகிறவன். எங்கள் பக்க வழக்கப்படி என்னை மாமா என்றும் என் மனைவியை அக்கா என்றும் அழைப்பார். வலைக்கு உதவும் நைலான் கயிறு ஒரு சுருளோடு வந்து சேர்ந்தார்.

மெக்கானிக் சொல்லித் தந்த முறை இது: கண்ணாடியைச் சுற்றி ரப்பரை மாட்டி, ரப்பரின் உள் உதட்டுக்குள் கயிற்றைச் சுற்றிச் செருக வேண்டும். சோப்புத் தண்ணீரைத் தடவி, சட்டத்தில் பொருத்தி, ஒருவர் வெளியே நின்று உள்ளங்கையால் கண்ணாடியைத் தட்ட, மற்றவர் உள்ளே அமர்ந்து கயிற்றை உருவ வேண்டும். கயிறு வரவர உதடு தகட்டின் மேல் ஏறி உட்காரும். நண்பர் உள்ளே படுத்து, இரு கால்களையும் இருக்கைக்கு முட்டுக் கொடுத்துக் கயிற்றைப் பிடித்தார்.

"வலை இழுத்த கை மாமா இது. கண்ணாடி தப்பிச்சுப் போயிருமா?"

"பாத்துத் தம்பி" என்றாள் வாசலில் இருந்து என் மனைவி. "ரொம்ப இழுத்திறாதீக. ஒங்க மாமா சொன்ன சொல்லு அதுலதான் மாட்டியிருக்கு."

"கரையேத்திருவோம்க்கா!"

கண்ணாடி உட்கார்ந்தது. உதடு ஓரிடத்தில்கூட மடங்கவில்லை. நாங்கள் இருவரும் அதை ஐந்து நிமிடம் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தோம்.

அடுத்தது தண்ணீர்ச் சோதனை. லாரியில் வரும் நல்ல தண்ணீரைக் காரின் தலையில் கொட்ட என் மனைவி உடன்படவில்லை. குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீரைத் தந்தாள். நான் உள்ளே ஒரு செய்தித்தாளை விரித்துக்கொண்டு அமர, அவள் குடம் குடமாகக் கொட்டினாள். இத்தனை ஆண்டு இல்லறத்தில் என் காரியம் ஒன்றுக்கு அவள் இவ்வளவு ஊக்கத்தோடு உதவியதாக நினைவில்லை. கதவின் இடுக்குகளைக் குறி வைத்து வீசினாள். செய்தித்தாளில் ஓர் எழுத்தும் நனையவில்லை. வெற்றி என்று இறங்கினேன்.

இறங்கிய இடத்தில்தான் அதைக் கண்டேன். கதவுகளின் அடி விளிம்பில் கடுகளவு துளைகள் சில இருந்தன. அவற்றிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. உள்ளே கால் வைக்கும் தளத்திலும் பக்கத்துக்கு இரண்டாக நான்கு ஓட்டைகள் திறந்து கிடந்தன.

இங்கே என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். உப்பளத்தில் பாத்தியின் வரப்பை நண்டு துளைக்கும். விரல் நுழையாத வளைதான். ஆனால் கவனிக்காவிட்டால் பாத்தி முழுவதும் விடிவதற்குள் வடிந்துபோகும். அந்த வளைகளைத் தேடித் தேடிக் களிமண்ணால் அடைப்பதே கங்காணியின் வேலை. முப்பத்தெட்டு ஆண்டுகள் ஓட்டை என்றால் அடைக்கப்பட வேண்டியது என்று மட்டுமே கண்டிருந்த கண்ணுக்கு, வேண்டுமென்றே வைத்த ஓட்டை என்று ஒன்று உலகில் இருப்பது தோன்றவில்லை. என்னுடைய பழைய ரப்பர்ச் செருப்பின் அடியை வட்ட வட்டமாக வெட்டினேன். சொலூஷன் பூசித் தளத்தின் நான்கு ஓட்டைகளிலும் இறக்கினேன். மேலே தார் பூசினேன். கதவின் துளைகளையும் அவ்வாறே மூடினேன்.

நண்பர் குனிந்து பார்த்துவிட்டுத் தாடியைச் சொறிந்தார்.

"மாமா, நாங்க படகுலயே அடியில ஒரு தக்கை வச்சிருக்கோம். கரையில ஏத்துனா அதப் புடுங்கி விட்டாத்தான் உள்ள கெடக்குற தண்ணி போகும். நீங்க காருல இருக்குறத அடைக்கிறீக."

"படகு தண்ணியில கெடக்குறது. இது ரோட்டுல ஓடுறது. உள்ள தண்ணியே வரலைன்னா வெளிய விடுறதுக்கு ஓட்டை எதுக்கு?"

"அது சரி. கங்காணிகிட்டப் பேசி யாரு ஜெயிக்க?"

கார்த்திகை அமாவாசை அன்று விடிந்ததும் புறப்பட்டோம். அவள் அதே அரக்குப் பட்டை உடுத்தியிருந்தாள். அதை நான் கவனித்தேன் என்பதையும் அவள் கவனித்தாள். கீழக்கரையைத் தாண்டியதும் மழை பிடித்தது. பெயருக்குப் பெய்த மழை அல்ல. எதிரே வரும் லாரியின் விளக்கு தெரியாத மழை. அவள் கையை உயர்த்தி மேற்கூரையைத் தடவினாள். கதவின் மேல் மூலையைத் தடவினாள். கண்ணாடி ஓரத்தில் சுண்டுவிரலை ஓட்டி, அதை வெளிச்சத்தில் பார்த்தாள். காய்ந்த விரல்.

பாம்பன் பாலத்தில் காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளியது. விசில் இல்லை. அலையின் ஓசைகூட உள்ளே வரவில்லை. மழையோடு சேர்த்துக் காற்றையும் நான் வெளியே நிறுத்திவிட்டேன் என்பது அப்போதுதான் புலப்பட்டது. கண்ணாடி முழுவதும் உள்பக்கம் ஆவி படிந்தது. இருவருக்கும் வியர்த்துக் கொட்டியது.

"இட்லிச் சட்டியில உக்காந்த மாதிரி இருக்கு" என்றாள்.

"கண்ணாடிய எறக்குறியா? ஆனா எறக்கினா மழ உள்ள வரும். அது நீயாத் தெறந்து விட்டது. காரு பொறுப்பாகாது."

அவள் இறக்கவில்லை. அவளுடைய நெற்றியிலிருந்து ஒரு சொட்டு மடியில் விழுந்தது. இருவரும் அதைப் பார்த்தோம்.

"இது சேராது" என்றேன்.

"சேராதுன்னு எனக்குத் தெரியும். ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

ராமேஸ்வரத்தில் அய்யாவுக்குத் திதி கொடுத்தேன். அக்னி தீர்த்தம் என்று சொல்லப்படும் கடலில் மூன்று முறை முழுகினோம். பிறகு கோவிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தங்கள். ஒவ்வொரு கிணற்றடியிலும் மேலே நிற்பவர் வாளியில் மொண்டு தலையில் கொட்டினார். இரண்டு மாத உழைப்பில், ஒரு மழைக்காலத்தின் நடுவே, தொண்ணூறு கிலோமீட்டர் தூரம் ஒரு சொட்டும் படாமல் நான் அழைத்து வந்த மனைவி, தன் முறை வருவதற்கு முன்பே தலையை நீட்டி இருபத்திரண்டு வாளிகளையும் வாங்கிக்கொண்டாள். முகத்தில் அவ்வளவு நிறைவு. அந்தப் பாக்கியத்தில் நூற்றில் ஒரு பங்கை என் காரினால் கொடுக்க முடிந்திருக்கும். கொடுக்க விடாமல் செய்தவன் நான்.

உலர்ந்த துணி உடுத்தி, சாமி கும்பிட்டுத் திரும்பும்போது கடைத்தெருவில் பெரிய பிளாஸ்டிக் கேன் ஒன்று வாங்கினாள். வர முடியாத உறவினர்களுக்குத் தீர்த்தம் கொண்டு போக வேண்டுமாம். கேன் நிறைய அக்னி தீர்த்தம்.

"நம்ம வீட்டுல இருந்து மூணு கல்லுல இருக்குறதும் இந்தக் கடல்தான்" என்றேன்.

"அது உப்பெடுக்குற கடல்" என்றாள். அதில் உப்பு எடுத்தவனே நான்தான்.

அந்தக் காரில் நிற்க வைக்கும் அளவுக்கு உயரம் எங்கும் இல்லை. கேனை இருக்கைகளுக்குப் பின்னே படுக்க வைத்தேன். நானே வைத்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

மழை விட்டுவிட்டது. ராமநாதபுரத்தைக் கடந்து திருப்புல்லாணி விலக்கை நெருங்கும்போது என் மனம் பேருந்து இல்லாத வருங்காலத்தை வரைந்துகொண்டிருந்தது.

"ஏங்க."

"என்ன?"

"காலு நனையுது."

நான் காரை ஓரம் கட்டினேன். அவள் சேலைக் கரையைத் தூக்கிக் காட்டினாள்.

"ஒரு சொட்டு இல்ல. கம்மாயே கெடக்கு." குரலில் கோபம் இல்லை. வென்றவர்களுக்கு உரிய கனிவு இருந்தது. "பரவாயில்ல விடுங்க. ஒங்களால முடிஞ்சதச் செஞ்சீக."

குனிந்து அவளுடைய காலடியில் விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். மூன்று டிகிரி. உப்புத் தண்ணீரின் செறிவை நாங்கள் டிகிரியில் சொல்வோம். கடலில் மூன்று, பாத்தியில் காய்ந்து இருபத்தைந்தைத் தொட்டால் உப்பு விளையும். கருவி இல்லாமலே நாக்கில் அளக்கத் தெரிந்தவன் என்று என்னைச் சொல்வார்கள்.

"இது மழ இல்ல. மழ கரிக்காது. நக்கிப் பாரு."

"நா எதுக்கு நக்குறேன்?" என்றவள், சற்றுப் பொறுத்து, நான் சாலையைப் பார்த்த நேரத்தில் நக்கிப் பார்த்தாள்.

இருவரும் ஒரே சமயத்தில் பின்னால் திரும்பினோம். கேன் பாதி காலி. மூடியைத் திருகி எடுத்துப் பார்த்தேன். அதன் உட்புறத்தில் இருக்க வேண்டிய ரப்பர் வளையம் இல்லை. அந்த ஊர்தியில் நான் ரப்பர் வைக்காமல் விட்டது அந்த ஓரிடம்தான்.

என் மனைவியின் முகம் மாறியது. சடாரென்று இரண்டு கால்களையும் இருக்கையின் மேல் தூக்கிச் சம்மணம் இட்டாள்.

"ஐயோ, சாமி! தீர்த்தத்துலயா காலை வச்சுக்கிட்டு வந்தேன்?"

"ஒரு நிமிசம். இங்கன வெளிய மொண்டு ஊத்திர்றேன்."

"ஊத்துவீக! நாலு பேரு மிதிச்சுப் போற ரோட்டுலயா தீர்த்தத்தக் கொட்டுறது? வீடு போயிச் சேருற வரைக்கும் ஒரு சொட்டு வெளிய போகக் கூடாது."

ஒரு சொட்டும் வெளியே போகவில்லை. அதற்கு நான் உத்தரவாதம் அளிக்க முடியும். செருப்பும் சொலூஷனும் தாரும் கொண்டு நான் அடைத்த நான்கு ஓட்டைகளும் தங்கள் கடமையைச் சிறிதும் வழுவாமல் செய்தன. பிரேக் பிடித்தால் தீர்த்தம் முன்னே வந்து என் கணுக்காலை நனைத்தது. வேகம் எடுத்தால் பின்னே போயிற்று. காலையில் பெய்த மழை கதவுகளின் வயிற்றுக்குள் வடிய வழியின்றி நின்று, வளைவுதோறும் களக் களக்கென்றது. அவள் கால்களைத் தூக்கிக்கொண்டுவிட்டாள். எனக்கு மிதிகளை மிதிக்க வேண்டும். ஆகவே தீர்த்தத்தை மிதித்த பாவம் வீடு வரையில் என் பாதங்களுக்கு மட்டுமே ஆனது.

வீட்டில் செம்பு கொண்டு மொண்டு வாளியில் நிரப்பினேன். துளசி மாடத்தில் ஊற்றச் சொன்னாள். உப்புத் தண்ணீர், செடி பட்டுப்போகும் என்றேன். வேம்பு? அதுவும் அப்படித்தான். கால் படாத இடம் என்று யோசித்து யோசித்து, கடைசியில் எஞ்சியது கடல் ஒன்றே. வாளியை அவள் மடியில் வைத்துக்கொள்ள, அதே காரில் வாலிநோக்கம் போனோம். கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த நண்பர் எங்களைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், நான் அதைக் கடலில் ஊற்றுவதைப் பார்த்தார்.

"என்ன மாமா, காலையில இருந்து கடலு வத்திக் கெடக்கேன்னு நெனச்சேன். நீங்கதான் எடுத்துட்டுப் போயிருந்தீகளா?"

தக்கையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மைதான் என்னைச் சுட்டது.

மறுநாள் விடிந்தது. சொன்ன சொல் இருக்கிறது. மழைத் தண்ணீர், கடல் தண்ணீர் என்று அவள் நிபந்தனையில் பிரிக்கவில்லை. வண்டிக்குள், ஒரு சொட்டு, அவள் மேல். பட்டுவிட்டது. காயலான் கடைக்காரருக்குப் பேச நான் கைப்பேசியை எடுத்தேன். அவள் காபியோடு வந்து நின்றாள்.

"யாருக்குப் போன் போடுறீக?"

"காயலாங்கடைக்கு. சொன்னதச் செய்யணும்ல?"

"ஒங்களுக்கென்ன கிறுக்கா? தீர்த்தம் நின்ன வண்டிய யாராச்சும் பேரீச்சம்பழத்துக்குப் போடுவாகளா?"

"நீதான சொன்ன, ஒரு சொட்டு..."

"நா தண்ணியச் சொன்னேன். தீர்த்தத்தச் சொல்லல."

காபியை என் கையில் கொடுத்துவிட்டு, ஒரு செம்பில் மஞ்சள் தண்ணீரோடு போய்க் காரின் மேல் தெளித்தாள்; முன்பக்கம் குங்குமம் வைத்தாள். நான் ஒன்பது நாள் ஒட்டிய பீடிங்கும், படகுக்காரரின் கயிறும், குடம் குடமாக ஊற்றிய சோதனையும் காப்பாற்ற முடியாத காரை, ஒரு கேன் மூடியின் குறைபாடு காப்பாற்றிவிட்டது.

ஒரு வாரம் சென்று கால்மிதியை எடுத்து வெயிலில் போட்டேன். செம்பில் மொள்ள வராமல் தளத்தில் எஞ்சிய தண்ணீர், அடைத்த கண்ணாடிகளுக்குள் வெயிலில் காய்ந்து, ஓரங்களில் வெள்ளையாகப் பூத்திருந்தது. இரு கைப்பிடி இருக்கும். மங்கல் நிறம், ஈரப் பிசுக்கு, நாக்கில் ஒரு கசப்பு. என் உப்பளத்தில் விளைந்திருந்தால் மூன்றாம் தரம் என்று ஒதுக்கியிருப்பேன். சுரண்டிக் கொட்டப் போனவனை என் மனைவி தடுத்து, அதை ஒரு குங்குமச் சிமிழில் சேர்த்தாள். தீர்த்தம் கேட்டிருந்த உறவினர்கள் வந்தபோது, கேனில் எஞ்சியதோடு ஆளுக்கு ஒரு சிட்டிகை இதையும் கொடுத்தாள். ராமேஸ்வரத்துக் கடல் உப்பு, தானாக விளைந்தது என்றாள். என் தங்கை செருப்பைக் கழற்றிவிட்டு இரு கைகளையும் ஏந்தி வாங்கினாள். முப்பத்தெட்டு ஆண்டுகளில் நான் விளைவித்த உப்பு மலையளவு இருக்கும். அதில் ஒரு கல்லைக்கூட எவரும் செருப்பைக் கழற்றிவிட்டு வாங்கியதில்லை.

அதற்குப் பிறகு அவள் பேருந்தில் ஏறவில்லை. எங்கே போனாலும் காரில்தான். ஏறுமுன் வாசலில் குனிந்து தளத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள், வியர்த்தாலும் முணுமுணுப்பதில்லை. ஆனால் உப்பு தன் வேலையை நிறுத்தவில்லை என்பதை நான் அறிவேன். அடைத்த இடத்தில் நின்ற உப்புத் தண்ணீர் இரும்பை என்ன செய்யும் என்பதை உப்பளத்துக்காரனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அடுத்த ஐப்பசியில், சாயல்குடிச் சாலையில் நல்ல மழைக்கு நடுவே, அவளுடைய காலடியில் தளத்தின் ஒரு துண்டு உதிர்ந்து விழுந்தது. நான்கு ஓட்டைகளும் அடைத்தபடியே இருந்தன. ஐந்தாவது தானாகத் திறந்துகொண்டது. உள்ளங்கை அகலம், அதன் வழியே தார்ச்சாலை ஓடுவது தெரிந்தது.

நான் காரை நிறுத்தினேன். செருப்பு அடியும் சொலூஷன் டப்பாவும் எப்போதும் பின்னால் இருக்கும். எடுக்கக் கையை நீட்டினேன். நிறுத்துவதற்குள் சக்கரம் வாரி இறைத்த நீர் அந்த ஓட்டை வழியாகத் தெறித்து, அவளுடைய சேலைக் கரையில் அரும்பு அரும்பாக நின்றது. ஒரு சொட்டு அல்ல, பத்துப் பதினைந்து இருக்கும். அவள் அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கால்களைச் சற்று விலக்கி வைத்துக்கொண்டாள்.

"கெடக்கட்டும், அடைக்காதீக" என்றாள். "இப்பத்தான் உள்ள கொஞ்சம் காத்து வருது."